போனவன் பங்கு

காஞ்சிபுரம் சந்தையில் நின்றுகொண்டு "வரதா" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். மாடு பிடித்துக்கொண்டு நிற்கிறவன் திரும்புவான், வெங்காய மூட்டை இறக்குகிறவன் திரும்புவான், டீ குடித்துக்கொண்டிருக்கிற போலீஸ்காரரும் திரும்புவார். கோயிலில் நிற்கிற வரதராஜப் பெருமாள் ஒருத்தர்தான் திரும்பமாட்டார். நான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் மாமனார் பேர் வரதன். அவருடைய தாத்தா பேரும் வரதன். தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பேரை வைப்பது எங்கள் ஜனத்தில் வழக்கம். வரதன் பிள்ளை தாண்டவராயன், தாண்டவராயன் பிள்ளை வரதன் என்று இரண்டே பேரை வைத்துக்கொண்டு நாலு தலைமுறையை ஓட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தாண்டவராயன். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்தேன்.

முதல் வரதன் தாது வருஷப் பஞ்சத்தில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்தாராம். ஏரிக்கரைக்கு மண் சுமந்தால் கஞ்சி ஊற்றினார்களாம். கஞ்சிக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பதில், "பாலாத்துப் பக்கம்." பாலாறு என்ன இவர்கள் வீட்டுக் கொல்லை வாய்க்காலா? அதன் கரையில் எத்தனை ஊர், ஊருக்கு எத்தனை வரதன்!

ஊர் தெரியாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்திருப்பேன். ஊரோடு சேர்ந்து குலதெய்வமும் போய்விட்டது. அதுதான் என் வயிற்றெரிச்சல். பிள்ளைக்கு முதல் முடி இறக்குவது குலதெய்வத்துக்கு. அந்தச் சாமி எந்த ஊரில், எந்த மரத்தடியில், என்ன பேரில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் மாமனார் காலத்தில் எல்லாருக்கும் திருப்பதியிலேயே மொட்டை. என் தலைச்சன் பெண்ணுக்கும் அங்கேதான் அடித்தோம். ஊர் திரும்பிய வாரம் காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். இரண்டாவது பையன். வழக்கப்படி வரதன் என்று பேர் வைத்தார்கள். அவனுக்குத் தலை நிற்பதற்கு முன்பே மண்ணில் வைத்தோம்.

"சொந்த சாமியைப் பட்டினி போட்டுட்டு பெரிய சாமிகிட்ட போனீங்க, அதான்" என்று ஊரில் பேசினார்கள். யார் எது சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் இரண்டு பிள்ளையைப் புதைத்தவளுக்கு, மூன்றாவது பிள்ளையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் வராது.

மூன்றாவது பிள்ளைக்குப் பஞ்சாட்சரம் என்று நானே பேர் வைத்தேன். ஊரில் இருக்கிற வரதன்கள் போதும் என்று மாமியாரிடம் சண்டை போட்டு வைத்தேன். அவனுக்கு நடந்தால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஓட்டை இருக்கிறது, உடம்பு கொஞ்சம் தேறட்டும், மெட்ராஸில் ஆபரேஷன் செய்யலாம் என்றார். சரி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மருந்து ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். எதையும் விடுகிற நிலைமையில் நான் இல்லை.

நாலு வயதாகியும் அவன் தலையில் கத்தி படவில்லை. முடி இடுப்புக்கு வந்துவிட்டது. தினமும் எண்ணெய் வைத்து, பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவேன். தெருப்பிள்ளைகள் "பொட்டப்புள்ள, பொட்டப்புள்ள" என்று கத்தும். அவன் என்னிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்பான்.

"எம்மா, என் சாமி கெடைச்சிச்சா?"

"தேடிக்கினு கீறேன்டா கண்ணு."

"கெடைச்சா மொட்டையா?"

"மொட்டைதான். சந்தனம் பூசி, ரெண்டு காதும் குத்தி, ஜோரா."

உட்கார்ந்து தேடவில்லை, அலைந்துதான் தேடினேன். என் வீட்டுக்காரர் ரைஸ்மில்லில் மெஷின் ஓட்டுகிறவர். காலையில் போனால் உமி படிந்து வருவார். பேசச் சொன்னால் அதற்குத் தனியாகக் கூலி கேட்பார் போல இருக்கும். அவரை நம்பினால் ஆகாது என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே டவுன் பஸ் ஏறினேன். சாலவாக்கத்தில் டீக்கடையில் கேட்டேன். "எந்த வரதன்மா? மேட்டுத்தெரு வரதனா, மொண்டி வரதனா, ரெண்டு பொண்டாட்டி வரதனா?" என்று கேட்டுவிட்டுக் கடையே சிரித்தது. ஓரிக்கையில் கேட்டேன், அங்கேயும் சிரித்தார்கள். மூன்று ஆறு சேர்கிற திருமுக்கூடலில் ஒருத்தர் சிரிக்காமல் விசாரித்து, ஊரில் இருக்கிற வரதன் வம்சங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனதும் அவருக்கே சலித்துவிட்டது.

சாலவாக்கத்தில் ஒரு குடும்பம் மட்டும் எங்களைப் பங்காளி என்று ஏற்றுக்கொண்டது. அவர்கள் ஐயனாருக்கு ஒரு வருஷம் பொங்கலும் வைத்தோம். அடுத்த வருஷம் மொட்டை என்று முடிவு செய்த பிறகுதான் அவர்கள் வீட்டுப் பெரியவர் பேச்சுவாக்கில், தங்கள் முப்பாட்டனின் தம்பி வரதன் ஆற்காட்டிலிருந்து வந்து, பிள்ளை இல்லாமலே செத்தவர் என்றார். அடுத்தவன் சாமிக்கு ஒரு வருஷம் படையல் போட்டிருக்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். தேடுகிற ஆளுக்கு உலகத்தில் இல்லாத பேராக ஒரு பேர் இருந்திருக்கக்கூடாதா?

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஆடி மாதம், என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஏகாம்பரம் படுத்த படுக்கையாகிவிட்டார். கஞ்சி கொடுக்கப் போன என்னிடம் திடீரென்று சொன்னார்.

"எனுக்கு எதுக்கு இந்தப் பேர் வெச்சாங்க தெரியுமா? பஞ்சத்துல வந்தாரே எங்க தாத்தன், அவுருக்கு ஒரு அண்ணன். ஏகாம்பரம்னு பேரு. ஆடி வந்தா தாத்தன் அழுவாராம். மூணு ஆறு சேர்ற எடத்துல ஏளு கல்லு சாமி, அண்ணன் பொங்கல் வெச்சிக்கினு இருப்பான்னு சொல்லிச் சொல்லி அழுவாராம்."

இதை இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே" என்றார். வரதன் எங்கே என்றுதான் நானும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேனே ஒழிய, வரதனுக்கு அண்ணன் உண்டா என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. நாலாம் நாள் சித்தப்பா செத்துப்போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலில் ஆற்றங்கரைக் கன்னிமாருக்குப் பொங்கல் என்று மில்லுக்கு வந்த அந்த ஊர் வண்டிக்காரன் சொன்னதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். கன்னிமார் என்றால் ஏழு கல்தான். பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிற நாள் அதுதான்.

"கருமாதி ஆவலயே. தீட்டோட எப்படிப் போறது?" என்றார் அவர்.

"சாமிகிட்ட போவ வேணாம். தள்ளி நின்னு கேட்டுட்டு வந்துடலாம். மொட்டை அப்புறமா அடிச்சிக்கலாம்" என்றேன். பையனுக்கு அந்த வாரம் கால் வீங்கியிருந்தது. அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது.

பாலாற்றில் ஒரு ஓரமாகத்தான் தண்ணீர் ஓடியது. கரை மேல் ஏழு கல், மஞ்சள் பூசி, பூ வைத்து. பெரிய கூட்டம், எல்லார் கையிலும் காப்புக் கயிறு. பொங்கல் இறக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் நாவிதர் மனை போட்டு, பிள்ளைகளுக்கு வரிசையாக முடி இறக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தூரத்து இலுப்பை மரத்தடியில் நின்றுவிட்டார். நான் பையனைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கிட்டே போய், எல்லைக்கு வெளியிலேயே நின்றேன். முன்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கவனித்தார். பாண்டுரங்கன் என்று பேர், அந்த வம்சத்துக்கு மூத்தவர்.

"எந்த ஊரும்மா?"

"உத்திரமேரூருங்க. பஞ்சத்துல ஆத்தங்கரையிலேர்ந்து போன ஒரு வரதன் வம்சத்தைத் தேடிக்கினு வந்தோம்."

எல்லாரும் சிரிப்பதுபோல அவரும் சிரித்தார். "வரதன்னா இங்க வூட்டுக்கு ஒருத்தன் கீறானேம்மா."

"அவுருக்கு ஒரு அண்ணன். ஏகாம்பரம். தம்பிதான் பொண்டாட்டியோட போனது. ஏளு கல்லு சாமின்னு சொல்லி அழுவாராம்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, "பாஞ்சாலி, அந்த எலையை எடுத்துக்கினு வா!" என்று சத்தம் போட்டார். அவர் பெண்டாட்டி ஒரு வாழை இலையில் பொங்கலும் பழமும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏகாம்பரம் எங்க தாத்தாவோட அப்பன்மா. தம்பி போறப்ப தடுக்காம வுட்டுட்டேனேன்னு சாவற வரிக்கும் பொலம்பினாராம். அன்னிலேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் எறக்கனதும் போனவன் பங்குன்னு ஒரு எலை எடுத்து வெக்கறோம். பொழுதுக்கும் பார்த்துட்டு, காக்காய்க்குப் போட்டுடுவோம். இன்னிக்குக் காக்காய்க்குக் கெடையாது!" அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நூறு வருஷமாக எங்களுக்காக ஒரு இலை காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் ஊர் ஊராகப் பிச்சை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம். பாஞ்சாலி இலையைப் பையன் கையில் கொடுத்தாள். "வாம்மா, எனுக்கு ஒரு ஓரகத்தி கெடைச்சா" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பையனின் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "இத்தினி முடியா? நாவிதர் கீறாரு, இப்பவே எறக்கிடலாம்" என்றாள்.

தீட்டு இருக்கிறது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இன்று வந்தது நாளை வராது என்று என் உடம்பு முழுக்கச் சொல்லியது. பையன் ஏற்கெனவே மனையில் உட்கார்ந்துவிட்டான். நாவிதர் ரிப்பனை அவிழ்த்து, தலையில் தண்ணீர் தெளித்தார். பையன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது.

"தாய்மாமன் இல்லன்னா அப்பன் மடிதான். எங்க உன் வூட்டுக்காரரு?" என்று கேட்டுக்கொண்டே பாண்டுரங்கன் இலுப்பை மரத்துக்குப் போனார். என் வீட்டுக்காரர் பின்னால் நகர நகர, அவர் "வாப்பா பங்காளி" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மில் சத்தத்தில் இருபது வருஷம் வாயே திறக்காமல் காலம் தள்ளிய மனுஷன் அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"தொடாதீங்க. எங்க சித்தப்பா செத்து இன்னும் கருமாதி ஆவல. தீட்டு கீது."

பாண்டுரங்கன் கை தானாக விலகியது. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். பங்காளி வீட்டில் பெரியவர்கள் செத்தால், எத்தனை தலைமுறை தள்ளிப் போயிருந்தாலும் வம்சத்துக்கே தீட்டு. காதில் விழுந்த இடத்திலேயே கட்டிய துணியோடு தலை முழுக வேண்டும். கருமாதி வரைக்கும் சாமியைத் தொடக்கூடாது. சின்னப் பிள்ளை செத்தால் மட்டும் அந்தத் தலைமுழுக்கோடு சரி. தீட்டுக்காரன் அன்னியனாக இருந்தாலோ கவலையே இல்லை. தொட்டவர் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து வேலையைப் பார்க்கலாம்.

ஆகவே நாங்கள் பங்காளி என்றால், காப்புக் கட்டி வைத்த அந்தப் பொங்கல் அங்கேயே நிற்க வேண்டும். மூன்று வருஷமாக ஏதோ ஒரு சாவு விழுந்து நின்றுபோய், இந்த வருஷம்தான் கூடிவந்ததாம். பாண்டுரங்கனின் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், அதுவும் இந்தப் பொங்கல் முடிந்தால்தான். இதெல்லாம் கூட்டத்தில் முணுமுணுத்ததில் எனக்குத் தெரிந்தது. ஒரு கிழவர் "இப்ப இன்னா பண்றது?" என்று சத்தமாகவே கேட்டார்.

பாண்டுரங்கன் மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஏகாம்பரம், வரதன். ஈஸ்வரன் பேர் ஒருத்தனுக்கு, பெருமாள் பேர் ஒருத்தனுக்கு. காஞ்சிபுரத்தைச் சுத்தி அண்ணன் தம்பின்னு பொறந்தவனுக்கெல்லாம் இந்தப் பேருதான். நாங்க சொல்ற வரதன் வேற, இவங்க சொல்ற வரதன் வேற."

"ஐயா, இப்பதானே பங்காளின்னு கட்டிக்கினீங்க!" என்று கத்தினேன். "ஏளு கல்லு? அண்ணன் பேரு? தம்பி பொண்டாட்டியோட போனது?"

"பஞ்சத்துல போவாதவன் யாரு? ஏளு கல்லு இல்லாத ஆத்தங்கரை எது?" என்றார். பிறகு உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, ஏழு கல்லையும் பார்த்து நின்று, "இவங்க எங்க வம்சம் இல்ல, சத்தியம்" என்று சொல்லி வாயில் போட்டு அணைத்தார். கற்பூரம் அணைத்த பிறகு எங்கள் பக்கத்தில் பேச்சு கிடையாது. சொன்னவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

பாஞ்சாலி பையனிடம் வந்தாள். அவன் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை, மொட்டை முடிந்து சாப்பிடலாம் என்று மடியில் வைத்திருந்தான். அவள் இலையை எடுத்துக்கொண்டாள். "எய்ந்திரி நைனா" என்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள். அழுதால் மட்டும் என்ன? இலை போய்விட்டது.

பையனின் ஈர முடியை முந்தானையால் துடைத்து, ரிப்பனைத் தேடி எடுத்து, அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "எம்மா, மொட்டை?" என்றான். பின்னால் யாரோ ஆற்றில் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பாண்டுரங்கன் அன்னியன் தீட்டுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரோடு வெகுநாள் நான் பேசவில்லை. உண்மை பேச உங்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று ஒரு தடவை மட்டும் கேட்டேன். "சாமிகிட்ட எப்படிப் பொய் சொல்றது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மறு ஆடிக்குத் தீட்டில்லாமல் போய் பாண்டுரங்கன் காலில் விழலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கற்பூரம் அணைத்தவர் மாறமாட்டார் என்று தெரிந்தும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, பஞ்சாட்சரம் பின்னிக்கொள்ள உட்கார்ந்தவன் என் மடியிலேயே சாய்ந்தான். பாதி பின்னல் என் கையில் இருந்தது. மீதியைப் பின்னி, ரிப்பன் கட்டித்தான் அனுப்பினேன். முடியை வெட்டி எடுத்து வை, என்றைக்காவது சாமி தெரிந்தால் செலுத்தலாம் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம், அவனுடையது அவனோடு போகட்டும் என்றேன். மில்காரர்கள்தான் குழி வெட்டினார்கள். பங்காளி என்று மண் தள்ள ஒரு ஆள் வரவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, மில்லில் நெல் புடைக்கிற செங்கேணி என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கு மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் திருமுக்கூடல். எங்களுக்கும் அந்த ஊருக்கும் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. என்னைத் தேற்ற வந்தவள், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மக வூட்டுக்குப் போயிருந்தேன்மா. இன்னா மழை! அதுல ஒரு கூத்து கேளு. நம்ம மில்லுக்கு நெல்லு கொண்டாந்த அந்த ஊரு வண்டிக்காரன் அன்னிக்கு மெஷின்காரரு இல்லியேன்னு கேட்டான், அவுரு புள்ள போய்டுச்சின்னு நாங்க சொன்னோம். அவன் வண்டியிலயே நானும் போனேன். போய் இறங்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம், அந்தப் பாண்டுரங்கன் வூட்ல இருந்து, பக்கத்து வூடுங்கள்ல இருந்து, மொத்த ஜனமும் ஆத்துக்குப் போவுது. கட்டின துணியோட, பெரியவரு முன்னாடி. புதுப்பொண்ணு, கைக்கொயந்தை எல்லாத்தையும் தண்ணியில முக்கி எடுக்கறாங்க. கொட்டற மழையில குளிப்பாங்களா யாராவது? இன்னாங்க விசேஷம்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, சும்மாதான்னு சொல்லிட்டு அந்தப் பாஞ்சாலியம்மா மூஞ்சிய மூடிக்கினு போவுது."

என் வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

உயிரோடு போனபோது இலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கற்பூரத்தை அணைத்தார்கள். அவன் செத்தான் என்று கேட்டதும், யாருக்கும் சொல்லாமல், மழையில் போய்க் குடும்பத்தோடு தலை முழுகியிருக்கிறார்கள். அன்னியன் பிள்ளை செத்தால் எவனாவது கைக்குழந்தையைத் தண்ணீரில் முக்குவானா?

செங்கேணி போனபின் அவர் கேட்டார். "அப்ப அதுதான், இல்ல?"

"அதுதான்" என்றேன்.

திருமுக்கூடல். ஆற்றங்கரை. ஏழு கல். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. பையன் விளையாடிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்து, வாய்விட்டே சொன்னேன்.

"உன் சாமி கெடைச்சிட்ச்சுடா கண்ணு."